பனியோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்

பம்பார்டியர் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். டெல்லி மெட்ரோ ரயில் பெட்டிகளில் ஒரு பகுதியைச் செய்து கொடுத்த கம்பெனி. அந்த ரயில் பிரிவு 2021-ல் அல்ஸ்டாம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. ஆனால் பம்பார்டியர் என்பது ஒரு ஆளோட பேர் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவர் ஒரு கிராமத்து கார் மெக்கானிக்.

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்று ஒரு சின்ன ஊர். 1907-ம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று ஜோசப் ஆர்மண்ட் பம்பார்டியர் அங்கே பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஆல்ஃபிரட் விவசாயம் பார்த்தவர், பிறகு கடை வைத்தார். அந்தக் காலத்தில் அங்கே பனிக்காலம் வந்தால் கிராமத்து ரோடுகளை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். கார் வைத்திருப்பவர்கள் அதைக் கட்டை மேல் தூக்கி நிறுத்திவிட்டு, பனி உருகும் வரை குதிரை வண்டியில்தான் போவார்கள்.

பையனுக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அலாரம் கடிகாரத்துச் சாமான்களை வைத்து பொம்மை டிராக்டர் ஓட்டியவர். நம்ம காரையும் பிரிச்சுடுவானோ என்று பயந்தோ என்னவோ, அப்பா ஒரு பழைய ஃபோர்டு டி மாடல் எஞ்சினைக் கொடுத்தார். 1922 டிசம்பர் 31 அன்று, 15 வயதில், அந்த எஞ்சினைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் விமானத்துக்கு வைப்பதுபோல் ஒரு புரொப்பெல்லர் மாட்டி, தம்பி லியோபோல்டை முன்னால் உட்கார வைத்து ஊர்த்தெருவில் ஓட்டிவிட்டார். வண்டி நிஜமாகவே ஓடியது! பார்த்த அப்பா அன்றைக்கே பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். வளர்ச்சிக்குத் தடை போட்ட அப்பா என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறந்தபடி சுற்றுகிற புரொப்பெல்லர், தெருவில் குழந்தைகள். நம்ம ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் கார்டு இல்லாமல் மெஷினை ஆன் செய்தால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா?

பாதிரியார் ஆக்க நினைத்து செமினரி பள்ளிக்கு அனுப்பினார்கள். 17 வயதில் விட்டுவிட்டு மெக்கானிக் வேலை கற்கப் போனார். மாண்ட்ரியலில் பகலில் கேரேஜ் வேலை, இரவில் தபால் வழிப் பாடம். வீட்டு மொழி பிரெஞ்சு. டெக்னிக்கல் புத்தகங்களைப் படிப்பதற்காகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, முதல் செமஸ்டர் புத்தகத்தை டிக்ஷனரியோடு படித்த எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. என் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்கு முன்னால் படித்தவர் யாரும் கிடையாது.

1926-ல், 19 வயதில், சொந்த ஊரில் கேரேஜ் திறந்தார். 1929-ல் இவோன் லாப்ரெக்கைத் திருமணம் செய்தார். கோடையில் கார் ரிப்பேர், பனிக்காலத்தில் பனி வண்டிச் சோதனை. வருஷம் ஒரு மாடல் செய்வார், சரியில்லை என்று பிரிப்பார்.

1934 பனிக்காலத்தில் இரண்டு வயது மகன் இவோனுக்கு குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ரோடெல்லாம் பனி. கேரேஜில் சோதனை வண்டி இருந்தும் ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை இறந்துபோனான்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகம் வேற. இளகிய பனியில் வண்டி புதைகிறது, இரும்புச் சக்கரத்தில் பனி ஒட்டிக் கட்டியாகிறது, இதுதான் சிக்கல். மரத்தால் ஸ்ப்ராக்கெட் செய்து ரப்பர் போர்த்தினார். அதை ரப்பரும் பருத்தியும் சேர்ந்த டிராக்கில் மாட்டினார். 1937-ல் பேட்டன்ட் கிடைத்தது. ஏழு பேர் போகும் பி-7 வண்டி விற்பனைக்கு வந்தது. பிறகு வட்ட ஜன்னல் வைத்த பி-12. டாக்டர்கள் வாங்கினார்கள், பாதிரியார்கள் வாங்கினார்கள், தபால் போனது, பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். 1942-ல் கம்பெனியாகப் பதிவு செய்தார்.

இனிமேல் வருவதுதான் என்னை யோசிக்க வைத்தது. 1948-ல் கியூபெக் அரசு, பனிக்காலத்தில் ரோடுகளைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. லாரி முன்னால் பிளேடு மாட்டிய பனி ஒதுக்கும் வண்டிகள் கிராமம் வரை வந்தன. ரோடு திறந்திருந்தால் பனி வண்டி யாருக்கு வேணும்? அவர் விற்பனை கிட்டத்தட்ட பாதியாக விழுந்தது. 14 வருஷம் முன்னால் வந்திருந்தால் மகனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே வண்டி, இப்போது அவர் தொழிலில் கை வைத்தது.

அந்த வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மெக்கானிக்கல் மாணவனுக்கு அது நல்ல பாடம். பிளேடைச் சாய்த்து வைப்பதால் பனி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பனிக்கு அடியில் கல்லோ மேன்ஹோல் மூடியோ இடித்தால் ஸ்பிரிங் இழுபட்டு பிளேடு மடிந்து, தாண்டியதும் நிமிர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சும்மாவே மடியும், ரொம்ப இறுக்கினால் இடி முழுக்க சேஸிஸில் விழும். அடியில் தேயும் பட்டையை நேரத்தில் மாற்றாவிட்டால் பிளேடே அறுந்துபோகும். முன்னால் இவ்வளவு எடை தொங்கும்போது பின் சக்கரம் பிடிமானம் இழக்கும், அதனால் பின்னால் பாரம் ஏற்ற வேண்டும். பிளேடைத் தூக்கிக்கொண்டு தூரம் போனால் ரேடியேட்டருக்குக் காற்று மறைந்து எஞ்சின் சூடாகும், அந்தக் குளிரிலும்! நிறுத்தினால் பிளேடைத் தரையில் இறக்கிவிட வேண்டும். தூக்கிய பிளேடுக்குக் கீழே கையையோ காலையோ வைக்கவே கூடாது. ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று விட்டுப்போனால் போதும்.

பம்பார்டியர் சட்டத்தைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. ரோடு இல்லாத இடம் எது என்று தேடினார். காடு, சதுப்பு நிலம், எண்ணெய் வயல். அதற்கான டிராக் டிராக்டர்கள் செய்தார், 1953-ல் வந்த மஸ்கெக் அதில் பேர் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அவர் கம்பெனியின் டிராக் வண்டிகள் முன்னால் பிளேடு மாட்டிக்கொண்டு கனடா நகரங்களில் நடைபாதைப் பனியை ஒதுக்கின. 1959-ல் ஒன்றிரண்டு பேர் போகும் ஸ்கீ-டூ வந்தது. முதல் வருஷம் விற்றது 225 வண்டி.

அது உலகம் முழுக்க ஓடியதை அவர் அதிகம் பார்க்கவில்லை. 1964 பிப்ரவரி 18 அன்று, 56 வயதில், புற்றுநோயால் இறந்தார். பேரில் 40-க்கு மேல் பேட்டன்ட்கள். வால்கோர்ட்டில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது. 19 வயதில் திறந்த அந்தக் கேரேஜை அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள்.