பிரித்துப் பார்த்த கைகள்

கோவையிலிருந்து திருப்பூர் திசை நோக்கி நீளும் அவிநாசி சாலையின் 10 கி.மீ. மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. வாகனங்கள் விரையும் பாலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். அவர் வாழ்வின் திசையை மாற்றியதும் ஒரு வாகனமே.

1893-இல் சூலூரை அடுத்த கலங்கலில் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அந்த இங்கிலாந்து வண்டி இளைஞரை ஆட்கொண்டது. கோவைக்குச் சென்று உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேமித்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதை அக்கக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியல் அதுதான்.

முதல் உலகப் போர்க் காலத்தில், பனியன் தொழில் வேரூன்றாத, பஞ்சு வணிகம் செழித்த திருப்பூரில் தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் அதை இழந்தார். ஆயினும் கைத்திறன் கரையவில்லை. 1920-இல் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரே பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுவே பெரும் நிறுவனமாக வளர்ந்தது. மின்மோட்டார், மின்சவரக் கருவி என அவரது முயற்சிகள் விரிந்தன.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரிலான பொறியியல் கல்லூரி உருவாக நிதி அளித்து, அதன் முதல்வராகவும் அமர்ந்தார். நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என வாதிட்டார். அரசு ஏற்காதபோது பதவி விலகினார். 1974-இல் மறைந்தார்.

அவிநாசி சாலையிலேயே உள்ள, அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகங்கள் பழைய கார்களையும் கருவிகளையும் பேணுகின்றன. நன்று. ஆனால், அவரது கேள்விக்கு இன்னும் விடையில்லை. பின்னல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டறியும் திருப்பூர்த் தொழிலாளியின் அறிவுக்கு நாம் தரும் மதிப்பென்ன? சான்றிதழ் இல்லாததால் அவர் கடைசிவரை ‘உதவியாளர்’ ஆகவே இருந்துவிடுகிறார். சான்றிதழ் பெற்ற பொறியாளர் பலரோ ஓர் இயந்திரத்தைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

பட்டறை அனுபவத்தைச் சோதித்துத் தகுதிச் சான்று வழங்குவதும், மாணவர் கையில் திருகுச்சாவியைக் கொடுப்பதும் பெருஞ்செலவுக் காரியங்கள் அல்ல. பாலத்துக்குப் பெயரிட்டது மரியாதை. பிரித்துப் பார்க்கும் கைகளைப் படித்த கைகளாக ஏற்பதே அவருக்குச் செலுத்தும் நன்றி.