அருணையை நாடிய மாணவர்

காட்பாடியினின்று வேலூர் வழியே விழுப்புரம் செல்லும் புகைவண்டியில் ஏறுவோர் திருவண்ணாமலையைக் காணாதிருத்தல் அரிது. அம்மலையை அடையும் ஆவலால், 1896ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பாடசாலையைத் துறந்து சென்ற பதினாறு வயது மாணவர் வேங்கடராமனே, பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றவர்.

இவர் 1879 டிசம்பர் 30ஆந் தேதி திருச்சுழியிற் பிறந்தார். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்தார். அருணாசலம் என்னும் பெயரைச் சிறுவயது முதல் உள்ளத்திற் கொண்டிருந்தும், அது சென்று காணத்தக்கதோர் ஊரென்பதை 1895இல் உறவினர் ஒருவர் கூறியே அறிந்தார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கடிதத்துடன் வைத்துப் புறப்பட்டார். பழைய தேசப்படமொன்றை நம்பித் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை அமைந்துவிட்டதை அப்படம் அறியாது! (பூகோள ஆசிரியர்கள் பொறுப்பார்களாக.) கைப்பொருள் குறையவே நெடுந்தூரம் நடந்தும், காதிலிருந்த பொற்கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு ஈடுவைத்தும், செப்டம்பர் 1ஆந் தேதி மலையடி சேர்ந்தார். பின்னர் அவ்விடத்தை விட்டு அகன்றாரில்லை.

1948 இறுதியில் இடமுழங்கையருகே சிறு கட்டியொன்று தோன்றிற்று. அது சார்கோமா என்னும் அரிய புற்றுநோய். தசை, எலும்பு முதலியவற்றிற் பிறந்து, அறுத்த பின்னும் மீண்டும் வளரக்கூடியது. 1949இல் நான்கு முறை இரணசிகிச்சை செய்தனர், ரேடியமும் வைத்தனர். கையைத் துணித்தல் நலமென்று வைத்தியர் உரைத்ததற்கு அவர் இசைந்திலர். அம்மறுப்பு தக்கதோ என்று மருத்துவம் பயில்வோர் வழக்காடலாம். ஆனால் தம்மைக் காண வந்தோரைத் திருப்பியனுப்ப அவர் ஒருநாளும் உடன்படவில்லை. 1950 ஏப்ரல் 14ஆந் தேதி மாலையிலும் மக்கள் வரிசையாக வந்து கண்டு சென்றனர். அன்றிரவே உயிர் பிரிந்தது.