சிப்பிக்கடை டவுனிங்



எங்க அம்மா தெருமுனையில் இட்லிக்கடை வச்சிருக்காங்க. கடை நடத்தி என்ன பெரிசா சாதிச்சிட முடியும்னு நானே நினைச்சிருக்கேன். தாமஸ் டவுனிங் என்பவரைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போயிடுச்சு. அதனால்தான் இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

டவுனிங் 1791ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சின்கோடீக் என்ற தீவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள். டவுனிங் என்பதே அவர்களை விடுவித்த முதலாளியின் பெயர்தான். தீவில் வளர்ந்த பையன் அல்லவா? சிறு வயதிலேயே கடலில் சிப்பி எடுக்கக் கற்றுக்கொண்டார். முத்துச்சிப்பி என்று நினைச்சிடாதீங்க, இது சாப்பிடுகிற சிப்பி!

1819இல் நியூயார்க் வந்தார். ஒரு சின்னப் படகு வாங்கி, தினமும் ஹட்சன் ஆற்றைக் கடந்து போய்ச் சிப்பி எடுத்து வந்து விற்றார். 1825இல் பிராட் தெருவில் சொந்தமாகச் சிப்பிக்கடை திறந்தார்.

அந்தக் காலத்தில் சிப்பிக்கடை என்றாலே குடியும் சண்டையும்தான். குடும்பத்தோடு யாரும் போக மாட்டார்கள். டவுனிங் என்ன செய்தார் தெரியுமா? தரையில் கம்பளம் விரித்தார், பெரிய கண்ணாடிகள் மாட்டினார், சரவிளக்குகள் தொங்கவிட்டார். நல்ல சரக்கு வேண்டும் என்பதற்காக இருட்டிலேயே படகில் போய், கரைக்கு வரும் சிப்பிப் படகுகளை வழியிலேயே பிடித்து, முதல் தரத்தைத் தானே வாங்கினார். வங்கிக்காரர்கள், வியாபாரிகள், அரசியல்வாதிகள் எல்லோரும் வந்தார்கள். பெண்களும் கணவரோடு வந்தார்கள். பத்தே வருடத்தில் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் அவர் கடையோடு சேர்ந்தன. 1842இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சுக்கு நியூயார்க் மக்கள் கொடுத்த பெரிய விருந்துக்குச் சமையல் இவர்தான். இவர் அனுப்பிய சிப்பிகளுக்காக விக்டோரியா மகாராணி ஒரு தங்கக் கடிகாரம் பரிசாக அனுப்பினாராம்.

இதுவரை சொன்னது மாடிக் கதை. இனிமேல்தான் நிலவறைக் கதை.

நியூயார்க்கில் 1827இலேயே அடிமை முறை ஒழிந்துவிட்டது. ஆனால் தென் மாநிலங்களில் ஒழியவில்லை. அங்கிருந்து தப்பி வருபவர்களைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படி ஓடி வந்தவர்களை டவுனிங் தன் கடையின் நிலவறையில் ஒளித்து வைத்தார். மேலே பெரிய மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். 1850இல் வந்த சட்டப்படி, ஒளித்து வைத்தவருக்கு 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. யாராவது காட்டிக்கொடுத்திருந்தால் இத்தனை வருட உழைப்பும் போயிருக்கும். தெரிந்தேதான் செய்தார்.

அது மட்டும் இல்லை. 1836இல் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் அமையவும் பாடுபட்டார்.

இவ்வளவு செய்தவர் தன் நாட்டிலேயே குடிமகன் இல்லை! கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரும் குடிமக்களே என்ற சட்டம் 1866 ஏப்ரல் 9ஆம் தேதிதான் நிறைவேறியது. மறுநாள், ஏப்ரல் 10ஆம் தேதி, டவுனிங் காலமானார். எழுபத்தைந்து வருட வாழ்க்கையில் குடிமகனாக இருந்தது ஒரே ஒரு நாள். படிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு மரியாதை செலுத்த நியூயார்க் வணிகர் சங்கம் மூடப்பட்டது.

நண்பர்களே, டவுனிங் சேர்த்த பணத்தை விட, அவர் திறந்து வைத்த அந்த நிலவறைக் கதவுதான் எனக்குப் பெரிசா தெரியுது. காசில்லாமல் வரும் பாட்டிக்கு எங்க அம்மா தினமும் இரண்டு இட்லி வைப்பாங்க. முன்னெல்லாம் கணக்குக் கேட்பேன். இப்போ கேட்கிறதில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி