கலகெதரையிலிருந்து கராச்சிக்கு: ரி.பி. ஜாயா

ஒரு நாட்டின் சார்பில் இன்னொரு நாட்டில் இருந்து பேசுபவரைத் தூதுவர் என்கிறோம். பொதுநலவாய நாடுகளுக்கிடையே அப்பதவிக்கு உயர்ஸ்தானிகர் என்று பெயர். சுதந்திர இலங்கை பாகிஸ்தானுக்கு அனுப்பிய முதல் உயர்ஸ்தானிகர், நமது மத்திய மாகாணத்தில் பிறந்த ஓர் ஆசிரியர். அவரே துவான் புர்ஹானுத்தீன் ஜாயா.

1890 ஜனவரி 1 ஆம் திகதி, கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பாதையிலுள்ள கலகெதரையில், ஒரு மலாய்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை பொலிஸ் சேவையில் இருந்தவர். கண்டி சென். போல்ஸ் பாடசாலையிலும், அந்நாளில் கொழும்பு முகத்துவாரத்தில் இயங்கிய சென். தோமஸ் கல்லூரியிலும் ஜாயா கற்றார். இரண்டும் கிறிஸ்தவப் பாடசாலைகள். பின்பு மொரட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும், கண்டி தர்மராஜா, கொழும்பு ஆனந்தா ஆகிய பௌத்தக் கல்லூரிகளிலும் கற்பித்தார். பிற சமயத்தாரோடு கலந்து பழகியும் தன் மார்க்கத்தில் உறுதியாய் நின்றார். ஒரு தூதுவருக்கு முதலில் வேண்டிய பயிற்சி இதுதான். அது அவருக்குப் பள்ளிக்கூடங்களிலேயே கிடைத்துவிட்டது.

1921 இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அறிஞர் சித்திலெப்பை முதலானோரின் முயற்சியால் 1892 இல் தோன்றிய அக்கல்லூரியில் அப்போது 59 மாணவர்களும் 6 ஆசிரியர்களுமே இருந்தனர். ஏறத்தாழ 26 ஆண்டுகள் அதனை நடத்தினார். அவர் விடைபெற்றபோது மாணவர் தொகை ஆயிரங்களைத் தாண்டியிருந்தது. வேற்று இன, மத மாணவர்களுக்கும் அங்கே இடமிருந்தது. தலைநகரில் மட்டும் கல்லூரி இருந்தால் போதாது என்று கருதி, 1940களில் வெளியூர்களிலும் கிளைகள் அமைத்தார். அவற்றுள் மாத்தளையும் கம்பளையும் நம் மாகாணத்தைச் சேர்ந்தவை. நாவலப்பிட்டி, ஹற்றன், நுவரெலியா பக்கமாகத் தேயிலை மலைகளுக்கு ஏறும் பாதையின் வாசலில் இருப்பது கம்பளை என்பதை நாம் அறிவோம்.

கல்விப் பணியோடு அரசியலும் தொடர்ந்தது. 1924 இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவான மூன்று முஸ்லிம் உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். சபையில் சிறுபான்மையினரின் உரிமைக்காக வாதாடி வந்தார். ஆனால் 1945 இல் நாட்டின் விடுதலை பற்றிய மசோதா அரசாங்க சபைக்கு வந்தபோது, சமூகத்துக்குரிய சலுகையை முன்நிபந்தனையாக வைக்காமல் விடுதலையை ஆதரித்தார். பெரும்பான்மைச் சமூகத் தலைவர்களின் நம்பிக்கையை அது பெற்றுத் தந்தது.

1947 இல் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மத்திய தொகுதியில் வெற்றி பெற்று, முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். அதே தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றார்கள். தோட்ட மக்களின் கட்சிக்கு மொத்தம் 7 இடங்கள் கிடைத்தன. மறு ஆண்டே வந்த 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இச்சட்டங்களைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயாவும் அங்கம் வகித்தார். மலையகத்திலிருந்து அவரைப் போற்றி எழுதும் நாம் இதை மறைத்து எழுதலாகாது. மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கிடையில் இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன.

1950 இல் அமைச்சுப் பதவியை விட்டு, அன்றைய பாகிஸ்தானின் தலைநகரான கராச்சிக்கு உயர்ஸ்தானிகராகச் சென்றார். இரு நாடுகளுமே அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தன. இலங்கையின் வெளிநாட்டுச் சேவை தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பின்பற்ற முன்னோர் வகுத்த வழி எதுவும் இருக்கவில்லை. அறுபது வயதில், வாழ்நாளெல்லாம் சேர்த்த மதிப்பையும் நாவன்மையையும் மூலதனமாகக் கொண்டு, தாய்நாட்டின் முகமாக அங்கே இருந்தார்.

1960 இல் ஹஜ் கடமைக்காகப் புறப்பட்டவர், மே 31 ஆம் திகதி புனித மதீனாவில் வபாத்தானார். ஜன்னத்துல் பகீஃயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஜாயா வளர்த்த ஸாஹிரா ஆண் பிள்ளைகளுக்கான கல்லூரி. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946 இல்தான் தோன்றியது. இலங்கையின் வெளிநாட்டுச் சேவையில் முதற் பெண்ணாக மானெல் அபேசேகர சேர்ந்தது 1958 இல். இன்று அச்சேவைக்கான போட்டிப் பரீட்சை ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவானது. தேயிலை மலைகளிலிருந்து வரும் மாணவியும் அதை எழுதலாம். மொழியறிவும் வரலாற்று அறிவும் பிறரை மதிக்கும் பண்புமே அதற்கான முதலீடு. பெற்றோர் செய்ய வேண்டியது, படிக்கும் மகளை இடையில் நிறுத்தாமல் இருப்பது. கலகெதரையில் பிறந்த சிறுவன் கராச்சி வரை சென்றது, படிப்பு இடையில் முறியாததால்தான்.