கருமணலில் கிடைத்த செல்வம்

இரும்பை அறியாதார் எவருமிலர். சமையலறை அரிவாள்மனை முதல் ரயில் தண்டவாளம் வரை அதன் ஆட்சியே நடக்கிறது. அந்த இரும்போடு ஒன்றிக் கலந்து, பெயரின்றி மண்ணில் மறைந்து கிடந்த மற்றோர் உலோகத்தை வெளிக்கொணர்ந்தவர் ஓர் எளிய குருவானவர். அவரே வில்லியம் கிரிகோர். அவருடைய வாழ்வைச் சற்றுக் காண்போம்.

1761-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிரிகோர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். பின்னாளில் கிரீட் என்னும் சிற்றூரில் மக்களுக்குப் பணியாற்றினார். ஓவியத்திலும் இசையிலும் வல்லவர். ஓய்வு நேரமெல்லாம் கனிமங்களை ஆராய்வதில் கழிந்தது.

மனாக்கன் என்னும் ஊரின் ஓடையில் கருமணல் கிடைத்தது. அது காந்தத்தால் கவரப்படுவதைக் கிரிகோர் கண்டார். அதில் இரும்பு உண்டென்பது தெளிவாயிற்று. ஆனால் அமிலத்தால் இரும்பைப் பிரித்த பின்னும் ஒரு பொருள் எஞ்சியது. நூற்றுக்கு ஏறக்குறைய 45 பங்கு இருந்த அந்தச் செம்பழுப்புப் பொருள், அதுவரை அறியப்பட்ட எவ்வுலோகத்தோடும் ஒத்துப்போகவில்லை. அதனை எறிந்துவிடாமல் மேலும் சோதித்து, 1791-இல் தம் முடிவை வெளியிட்டார். 1795-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ராத் வேறொரு கனிமத்தில் ஓர் உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராண மாந்தரின் பெயரால் டைட்டானியம் என அழைத்தார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர் உறுதியாயிற்று.

இரும்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை 7.87 கிராம், டைட்டானியத்தின் எடையோ 4.5 கிராமே. இரும்பு 1538 பாகை செல்சியஸில் உருகும். டைட்டானியம் 1668 பாகையில் உருகும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உலோகத்தையே அரிக்கும். டைட்டானியத்தின் மேற்பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலமோ கவசம்போல் ஒட்டி நின்று அதனைக் காக்கும். ஆகவேதான் விமானங்களிலும், முறிந்த எலும்பைப் பொருத்தும் தகடுகளிலும் அதன் கலவைகள் பயன்படுகின்றன. அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவை, பலவகை எஃகின் வலிமையைக் குறைந்த எடையிலேயே தரும். எனினும் எஃகைத் தாழ்வாக எண்ணலாகாது. ஒரே அளவுள்ள கம்பிகளில் ஒரே சுமையைத் தொங்கவிட்டால், டைட்டானியக் கம்பி ஏறக்குறைய இருமடங்கு வளையும். விலையும் மிக அதிகம். பாலத்திற்கு எஃகே ஏற்றது. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பணி உண்டு.

காசநோயால் வாடிய கிரிகோர் 1817-இல் மறைந்தார். தாம் கண்டறிந்த உலோகத்தைத் தூய நிலையில் அவர் காணவேயில்லை. 1910-இல்தான் ஹன்டர் என்பவர் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் அதே கனிமம் உண்டு. காலடியில் மிதிபடும் மணலையும் கூர்ந்து நோக்கும் கண்களை நாமும் பெறுவோம். பலன் நம் காலத்தில் கிட்டாவிடினும் உண்மையைத் தேடுவதில் தளராதிருப்போம்.