பறவைகளுக்கு மனை வகுத்த சார்லஸ் வாட்டர்டன்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் இரவு நேரத்தே கூகை அலறுமாயின், முதியோர் கதவைச் சாத்துவர். சிறுவர் கல்லைத் தேடுவர். சாக்குருவி என்பது ஆண்டு அதற்கு வழங்கும் பெயர். கூகையோ வயலில் எலியைத் தின்று உழவனுக்கு உதவுவது. உதவுவதையே கல்லெறிந்து ஓட்டும் இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இருநூறு ஆண்டுகட்கு முன்னர் மேலைநாட்டாரும் கூகையைச் சாவின் தூதெனக் கருதிக் கொன்றுவந்தனர். அவருள் ஒருவர் அப்பறவைக்குக் கல்லால் வீடு கட்டித் தந்தார். அவர் வரலாற்றையே ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தனம்.

சார்லஸ் வாட்டர்டன் 1782ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயர் மாகாணத்தில், வேக்பீல்டு நகருக்கு அணித்தான வால்டன் ஹால் என்னும் மாளிகையில் பிறந்தார். அம்மாளிகை ஓர் ஏரியின் நடுவே தீவின்மேல் நிற்பது. அவர் குடும்பம் கத்தோலிக்க சமயத்தைக் கைவிடாதது. அதன் பொருட்டு அரசாங்கப் பதவிகளை இழந்து நின்றது. ஸ்டோனிஹர்ஸ்டு என்னும் இயேசு சபைக் கல்லூரியில் பயின்ற காலத்தில், மரமேறிக் கூடு தேடும் மாணாக்கனைத் தண்டித்துச் சலித்த ஆசிரியர்கள், எலி பிடிக்கும் வேலையை அவருக்கே அளித்து, அவரது இயல்பை நல்வழியில் செலுத்தினர். மது அருந்துவதில்லை என்று அங்கு மேற்கொண்ட விரதத்தை அவர் இறுதிவரை காத்தார்.

1804இல் தென்னமெரிக்காவின் கயானா சென்று, தம் உறவினருடைய தோட்டங்களை மேற்பார்த்தார். அவை அடிமைகளின் உழைப்பால் நடந்தவை என்பதை மறைத்தல் தகாது. பின்னர் 1812 முதல் 1824 வரை நான்கு முறை அந்நாட்டுக் காடுகளிற் சுற்றினார். பறவையுடலைப் பாடம் செய்யும் கலையை ஜான் எட்மன்ஸ்டன் என்னும் அடிமைக்குக் கற்பித்தார். விடுதலை பெற்ற அவரே பின்னர் எடின்பரோ நகரில் டார்வினுக்கு அக்கலையைப் பயிற்றியவர். வாட்டர்டனது பயண நூல் 1825இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிற்று. எனினும், அவரை யாம் நினைப்பது முதலையின்மேல் ஏறிய வீரத்திற்காக அன்று. தம் தோட்டத்தில் செய்த சிறுசெயல்களுக்காகவே.

1813இல், இடிந்து கிடந்த பழைய வாயிலின்மேல், கல்லும் சாந்தும் கொண்டு நாலடிச் சதுரத்தில் ஓர் அறை கட்டினார். அதனுள் கருவாலி மரத்துக் கம்பொன்றை உறுதியாய்ப் பதித்தார். காவற்காரன் அப்பறவைகளைத் துன்புறுத்தலாகாது எனக் கடுமையாய் எச்சரித்தார். ஏறக்குறைய ஒரு திங்களில் இரண்டு கூகைகள் வந்து குடிபுகுந்தன. கூகைகள் உமிழ்ந்த உருண்டைகளை அவர் பிரித்து ஆராய்ந்தபோது, ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஏழு எலிகளின் எலும்புகள் இருந்தன. பதினாறு திங்களில் ஒரு மரக்காலுக்கு மேற்பட்டுப் பல மரக்கால் உருண்டைகள் அவ்வறையிற் குவிந்தன. மூடநம்பிக்கைக்கு அவர் அளித்த விடை வாதமன்று, எலும்புக் குவியலே.

நாகணவாய்க்கு இனமான ஸ்டார்லிங் பறவைக்காக வட்டக் கோபுரம் ஒன்று எழுப்பினார். எலி ஏறாதபடி அதன் அடித்தண்டினை வழுவழுப்பாக அமைத்தார். ஒவ்வோர் அறையின் வாயிலையும் தனிக்கல்லால் அடைத்து, அக்கல்லின் ஒரு மூலையை மட்டும் வெட்டினார். அவ்விடைவெளியில் ஸ்டார்லிங் நுழையும், பெரும்பறவை நுழையாது. ஆற்றங்கரை மணலிற் குடையும் தகைவிலான்களுக்கும் துளையிட்ட சுவர் ஒன்று அமைத்தார். வேண்டியதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கும் வாயிலே கூட்டுப்பெட்டியின் உயிர் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1821இல் தொடங்கி ஐந்தாண்டு உழைத்து, தம் சோலையைச் சுற்றி மூன்று மைல் நீளத்திற்கு உயர்ந்த மதில் கட்டுவித்தார். அதற்குச் செலவான பொருள் ஏறத்தாழ 9,000 பவுன். மதிலுக்குள் துப்பாக்கி ஒலி கேட்டிலது. ஆயினும் அது மனிதரை வெறுத்துக் கட்டிய மதிலன்று. நோயுற்ற மனத்தினரும் அண்மையிலிருந்த மருத்துவமனையினின்று வந்து, அவரது தொலைநோக்கியால் நாரைகளைக் கண்டு களித்தனர். அயலிலிருந்த சவுக்கார ஆலையின் நச்சுப்புகை மரங்களைக் கருக்கியபோது, அவர் நெடுநாள் வழக்காடினார். முடிவில் ஆலை இடம் பெயர்ந்தது.

அவர் இல்வாழ்க்கை துயரமானது. 1829இல் மணந்த மனைவி ஆன், மறு ஆண்டே மகவீன்ற சின்னாட்களில் மறைந்தார். அன்று முதல் அவர் படுக்கை நீத்து, தரையில், மரக்கட்டையே தலையணையாகத் துயின்றார். 1865இல் சோலையில் கால் இடறி மரக்கட்டைமேல் வீழ்ந்து, மே 27ஆம் நாள் உயிர் துறந்தார். ஏரி வழியே படகிற் கொண்டு செல்லப்பெற்று, தம் சோலையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் மகன் எட்மண்டோ அம்மனையைச் சவுக்கார ஆலையுடையார் குடும்பத்திற்கே விற்றான்!

அங்ஙனமாயின் அவர் உழைப்பு வீணோ? அன்று. கூகைக்குப் பெட்டி அமைத்தல் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் தமிழ் மக்கள் உழைத்த மலேயா நாட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் எலியை அடக்க அம்முறை கைக்கொள்ளப்பட்டது. நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைச் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றமை, அவர் மதிலின் நோக்கத்தை அரசே மேற்கொண்டதற்கு ஒப்பாகும்.

யாமும் ஒரு விடுமுறையில் செட்டிகுளத்தில், சாதிக்காய்ப் பலகையால் சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்து, வெங்காயப் பட்டறையின் அருகே மாட்டினோம். மெல்லிய பலகை மழையில் ஊறி, வெயிலில் பிளந்தது. அதனினும் பெரும்பிழை வேறொன்று: முட்டை காணும் ஆவலால் நாள்தோறும் திறந்து பார்த்தோம். குருவிகள் முட்டையை விட்டு அகன்றன. குளிர்ந்துபோன அம்மூன்று முட்டைகளை இன்றும் மறந்திலம்.

இம்முறை முக்கால் அங்குலக் கனமுள்ள வேப்பம்பலகையால் செய்தோம். ஒன்றேகால் அங்குல அகலத்தில் வட்ட வாயில். முன்பக்கம் சரிந்த கூரை. அடியில் நீர் வடியச் சிறுதுளைகள். ஆணிக்கு மாறாகத் திருகாணி முடுக்கினோம். உள்ளே வண்ணம் பூசவில்லை. காகமும் பூனையும் பற்றி நிற்க உதவும் என்பதால், வாயிலின் முன் குச்சி வைக்கவுமில்லை. பிற்பகல் வெயில் படாத கிழக்குச் சுவரில், ஆள் எட்டா உயரத்தில் மாட்டினோம். கூரையைக் கீல் வைத்து அமைத்தது, குஞ்சுகள் பறந்த பின்னர்த் தூய்மை செய்வதற்கே.

வன்மரம் பெட்டியைக் காக்கும். கூட்டைக் காப்பதோ நம் கையின் அடக்கமே. வாட்டர்டன் கட்டியவற்றுள் அழியாதது கல்லன்று. துன்புறுத்தலாகாது என்று காவற்காரனுக்கு அவர் விடுத்த கட்டளையே. அடுத்த முறை கூகை அலறுங்கால், செட்டிகுளத்துச் சிறுவன் கையிலெடுத்த கல்லைக் கீழே போடுவானாயின், இவ்வரலாற்றை எழுதிய பயனை யாம் எய்தினோமாவோம்.