வானத்தின் எதிரொலியைக் கேட்ட அறிஞர்

எங்கள் அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குச் செல்லும் பாதையில், அடிவாரத்தில் நின்று உரக்கக் கூவினால் மலையும் திருப்பிக் கூவும். சிறுமியராய் இருந்தபோது நாங்கள் அப்படிக் கூவி மகிழ்ந்திருக்கிறோம். குரல் இரண்டு விநாடியில் திரும்பி வந்தால் மலை ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவில் உள்ளது என்று பின்னர் அறிவியல் வகுப்பில் கற்றோம். மலை கண்ணுக்குத் தெரிவதால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்றிலிருந்து எதிரொலி வந்தால், அது எதிலிருந்து வந்தது என்று எவ்வாறு அறிவது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வங்கத்து அறிஞர் சிசிர் குமார் மித்ரா.

மித்ரா 1890-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ணர் பள்ளி ஆசிரியர். அன்னை சரத்குமாரியோ மணமாகிப் பிள்ளைகளைப் பெற்ற பின்பும் கல்கத்தா காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து படித்துத் தேறியவர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாயிருந்த காலம் அது! 1892-இல் அன்னைக்குப் பாகல்பூரில் உள்ள டஃபரின் சீமாட்டி மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் குடும்பமே அங்குக் குடிபெயர்ந்தது. தந்தை அவ்வூர் நகராட்சியில் எழுத்தர் ஆனார்.

கல்கத்தாவில் ஒருவர் பலூனில் ஏறி வானில் பறந்த செய்தியைக் கேட்ட சிறுவன் சிசிர், அது எப்படி மேலே போகிறது என்று அண்ணனைத் துளைத்தெடுத்தானாம். வானத்தின் மீது அவருக்கு ஏற்பட்ட ஆர்வம் அன்றே முளைவிட்டது எனலாம்.

ஆயினும் துன்பங்கள் அக்குடும்பத்தை அடுக்கடுக்காய்த் தாக்கின. அண்ணன்மார் இருவர் இறந்தனர். தந்தை வாதநோயில் விழுந்து, பின்னர் அவரும் மறைந்தார். வேறொரு தாயாயின் மகனின் படிப்பை நிறுத்தி, ஏதேனும் ஓர் அலுவலில் சேர்த்திருப்பார். சரத்குமாரி அவ்வாறு செய்யவில்லை. தம் மருத்துவ வருமானத்தைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கியதோடு, மகனைக் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கும் அனுப்பினார். அங்கு ஜெகதீச சந்திர போஸ் அவருக்கு ஆசிரியரானார். 1912-இல் மித்ரா இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்த மித்ரா, அங்கு நம் தமிழகத்து மேதை சி. வி. இராமனுடன் ஒளியைப் பற்றி ஆராய்ந்து, 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அங்கு வானொலி வால்வுகளைப் பற்றிய ஆய்வு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1923-இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானதும், அதுவரை இந்தியாவில் எவரும் முறையாகக் கற்பிக்காத வானொலி இயலைத் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. இங்கிருந்து அனுப்பும் வானொலி அலை அதில் பட்டுத் திரும்பும். போய்வர ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது! 1930-இல் மித்ராவும் அவருடைய மாணவர்களும் கல்கத்தாவில் இந்த எதிரொலியைப் பிடித்து, அடுக்கு இருப்பதற்குச் சான்று கண்டனர். இந்திய வானத்தில் இத்தகைய ஆய்வு அதுவே முதலாவது.

ஆனால் எதிரொலி எப்பொழுதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒரு நாள் வலுத்து வரும். ஒரு நாள் மெலிந்து போகும். கருவியின் பிழை என்று மித்ரா அதை ஒதுக்கிவிடவில்லை. காரணம் காணும் முன் அவசரப்பட்டு அறிவிக்கவும் இல்லை. 1933 நவம்பரில் எரிமீன்கள் பொழிந்த நாள்களில் அந்த அடுக்கின் மின்னூட்டம் வழக்கத்தைவிடக் கூடியிருந்ததைக் கண்டார். எரிமீன்களே அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்ந்து, மறு ஆண்டில் முடிவை வெளியிட்டார். இடியும் மின்னலும் மேலடுக்கை மாற்றுகின்றனவா என்பதையும் அவருடைய ஆய்வுக்கூடத்தார் பொறுமையாக அளந்து பார்த்தனர்.

அலையை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் இதே முறையிலிருந்துதான் 1935-இல் இங்கிலாந்தில் ராடார் பிறந்தது. இன்று சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள வானிலை ராடார்கள் புயலையும் மழையையும் கண்டறிவதும் இம்முறையினாலேயே. அவற்றிலும் விந்தையான எதிரொலிகள் தோன்றுவதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலிருந்த ஒரு ராடாரில், ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரை தெரிந்தது! கடலை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் வறண்ட வெப்பக் காற்று படர்ந்து, அலையை வளைத்துக் கொண்டு சென்றதே காரணம். இங்கிலாந்திலோ தெளிந்த வானத்திலிருந்தும் எதிரொலிகள் வந்தன. விளங்காத அவற்றுக்குச் சம்மனசுகள் என்றே பெயரிட்டனர். பின்னர் ஆராய்ந்ததில் அவற்றுள் பல பறவைக் கூட்டங்கள் என்று தெரிந்தது. எதிரொலி பொய் சொல்வதில்லை. அதன் பொருளைத் தவறாகக் கொள்பவர்கள் நாம்தாம்.

மித்ரா தாம் அறிந்தவற்றையும் உலகத்தார் அறிந்தவற்றையும் திரட்டி, மேல் வளிமண்டலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார். 1947-இல் கல்கத்தாவிலேயே ஆசியச் சங்கம் அதை வெளியிட்டது. பின்னர் அது ரஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியலுக்கெனத் தனித் துறையும், ஹரிங்கட்டாவில் ஓர் ஆய்வு நிலையமும் அவர் முயற்சியால் உருவாயின. ஓய்வு பெற்ற பின்பும் சும்மா இராமல் மேற்கு வங்க இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சீர்படுத்தும் பொறுப்பை ஏற்றார். 1958-இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1962-இல் நம் அரசு பத்மபூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் பதவியும் அளித்தது. 1963 ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர் மறைந்தார். பூமியிலிருந்து நாம் ஒருபோதும் காண இயலாத நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பெருங்குழிக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது.

அன்பார்ந்த தோழியரே! ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதை நம்பிப் பிறருக்கும் பரப்பிவிடுவது எளிது. அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஆராய்ந்து பார்ப்பதே அரிது. இறைவன் நமக்கு அறிவைத் தந்திருப்பது அதற்காகவே அன்றோ? மித்ராவின் பொறுமையை நாமும் கைக்கொள்வோம். மகனின் படிப்புக்காக உழைத்த அன்னை சரத்குமாரியையும் மறவாதிருப்போம். நம்மைப் படிக்க வைக்க நம் தாய்மார் படும் பாடும் ஒரு குரல்தான். அதற்கு ஏற்ற எதிரொலியாக நம் வாழ்வு அமைவதாக!